வளர்ச்சிக்கு ஒப்புதல் தரும் மேசை: விமானப் பாதுகாப்பில் அரசின் கண்காணிப்பு

1996 பிப்ரவரி 14 அன்று, அமெரிக்க விமானப் போக்குவரத்தை ஒழுங்குபடுத்தும் எஃப்.ஏ.ஏ. அமைப்பில் ஓர் உள்குறிப்பு எழுதப்பட்டது. வேல்யூஜெட் என்ற மலிவுக் கட்டண விமான நிறுவனத்தின் விபத்துகளையும் ஆய்வுகளில் தெரியவந்த குறைகளையும் ஒருசேர வைத்துப் பார்த்த பராமரிப்புப் பிரிவு அதிகாரிகள், அந்த நிறுவனத்துக்குச் சான்றளிக்கும் நடைமுறையை முதலிலிருந்து மறுபடி நடத்துவதுபற்றி உடனே யோசிக்க வேண்டும் என்று அதில் பரிந்துரைத்தார்கள். குறிப்பு அமைப்பின் தலைமையை எட்டவில்லை. மே 11 அன்று வேல்யூஜெட்டின் 592ஆம் எண் விமானம் மயாமியிலிருந்து அட்லாண்டாவுக்குக் கிளம்பிய பத்து நிமிடங்களில், சரக்கு அறையில் பற்றிய தீயால் எவர்கிளேட்ஸ் சதுப்பு நிலத்தில் விழுந்தது. அதில் இருந்த 110 பேரும் இறந்தார்கள்.

இப்படி ஒரு விபத்து நடந்ததும் இரண்டு விளக்கங்கள் உடனே முன்வரும். விதிகள் போதவில்லை என்பது ஒன்று. அதிகாரிகள் விலைபோனார்கள் அல்லது தூங்கிவிட்டார்கள் என்பது மற்றொன்று. வேல்யூஜெட் விவகாரத்தில் இரண்டுமே முழுமையாகப் பொருந்தவில்லை. விதிகள் இருந்தன. ஆய்வாளர்கள் போய்ப் பார்த்தார்கள், குறைகளை எழுதினார்கள், எச்சரிக்கவும் செய்தார்கள். ஆனாலும் நிறுவனம் பறந்துகொண்டிருந்தது. அன்றுமுதல் 2025 டிசம்பரில் இந்தியா கண்ட இண்டிகோ விமான நிறுவன நெருக்கடிவரை தொடரும் கேள்வி இதுதான்: தெரிந்த பிறகும் ஓர் அரசு அமைப்பால் ஏன் நிறுத்த முடிவதில்லை?

நிறுத்தும் அதிகாரம் சட்டத்தில் எவ்வளவு இருந்தாலும், நிறுத்தவேண்டிய பொருள் பெரிதாகப் பெரிதாக அந்த அதிகாரம் நடைமுறையில் சுருங்கிவிடுகிறது என்பதே இக்கட்டுரையின் வாதம். அதனால் கண்காணிப்பின் உண்மையான களம் ஓடுபாதையும் பராமரிப்புக் கூடமும் மட்டும் அல்ல. புதிய விமானங்கள், புதிய வழித்தடங்கள், புதிய பருவ அட்டவணை ஆகியவற்றுக்கு ஒப்புதல் தரும் மேசையில்தான் அது வெல்கிறது அல்லது தோற்கிறது.

இரண்டு விமானங்களிலிருந்து ஐம்பதுக்கு

அமெரிக்க அரசு 1978இல் விமானக் கட்டணங்களையும் வழித்தடங்களையும் தன் கட்டுப்பாட்டிலிருந்து விடுவித்தது. அதன் பிறகு முளைத்த நிறுவனங்களில் அந்தக் கொள்கையின் வெற்றிச் சின்னமாகக் கொண்டாடப்பட்டவற்றுள் வேல்யூஜெட்டும் ஒன்று. 1993 அக்டோபரில் இரண்டு பழைய டி.சி.-9 விமானங்களுடன் அட்லாண்டாவில் தொடங்கியது. இரண்டரை ஆண்டுகளில் ஐம்பதுக்கும் மேற்பட்ட விமானங்களை வைத்திருந்தது. கட்டணம் மலிவு, லாபம் அதிகம். பெரும்பாலான கனரகப் பராமரிப்பைத் தானே செய்யாமல் வெளி நிறுவனங்களிடம் ஒப்பந்தத்துக்கு விட்டது இந்த வேகத்தின் ரகசியங்களில் ஒன்று.

எச்சரிக்கைகள் சீக்கிரமே வந்தன. 1995 ஜூன் 8 அன்று அட்லாண்டாவில் புறப்பட ஓடத் தொடங்கிய ஒரு டி.சி.-9இன் இயந்திரம் வெடித்துச் சிதறி, தீ மூண்டு, விமானமே அழிந்தது. எல்லோரும் உயிர் தப்பினார்கள். அந்த இயந்திரத்தைப் பழுதுபார்த்த துருக்கியப் பணிமனைக்கு அந்தக் காலத்தில் எஃப்.ஏ.ஏ. சான்று இல்லை என்பது பிறகு தெரியவந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் அமெரிக்கப் பாதுகாப்புத் துறை, தன் ஆட்களை ஏற்றிச்செல்ல வேல்யூஜெட் விடுத்த விண்ணப்பத்தைத் தரக்கட்டுப்பாட்டுக் குறைகளைக் காட்டி நிராகரித்தது. படைவீரர்களை ஏற்றத் தகாதது என்று அரசின் ஒரு துறை தீர்மானித்த நிறுவனம், பொதுமக்களை ஏற்ற மற்றொரு துறையின் சான்றோடு தொடர்ந்து பறந்தது.

1996 தொடக்கத்தில் கடினமான தரையிறக்கங்கள் உள்ளிட்ட சம்பவங்கள் அடுத்தடுத்து நடந்தபோது எஃப்.ஏ.ஏ. ஒன்றும் செய்யாமல் இருக்கவில்லை. பிப்ரவரி இறுதியில் 120 நாள் சிறப்பு ஆய்வைத் தொடங்கியது. புதிய விமானம் வாங்கவும் புதிய நகரத்துக்குப் பறக்கவும் முன்அனுமதி பெற வேண்டும் என்று நிறுவனத்துக்குக் கடிதமும் எழுதியது. இந்தக் கட்டுப்பாடு சரியானதுதான். ஆனால் அது வந்தபோது நிறுவனம் ஏற்கெனவே ஐம்பது விமான நிறுவனம் ஆகிவிட்டிருந்தது. ஆய்வாளர்களின் எண்ணிக்கை அந்த அளவுக்குப் பெருகவில்லை.

ஐந்து அட்டைப்பெட்டிகள்

விபத்துக்குக் காரணமான பொருள் சின்னது. பயணிகளின் தலைக்கு மேலிருந்து விழும் முகமூடிக்கு ஆக்சிஜன் தரும் வேதிக் குப்பிகள் அவை. உள்ளே சோடியம் குளோரேட் இருக்கும்; தட்டுமுனை தட்டப்பட்டதும் வேதிவினை தொடங்கி ஆக்சிஜன் வரும், கூடவே குப்பியின் மேற்பரப்பு 250 டிகிரி செல்சியஸை ஒட்டிச் சூடாகும். வேல்யூஜெட் வாங்கிய எம்.டி.-80 வகை விமானங்களைச் சீரமைத்துக்கொண்டிருந்த சேபர்டெக் என்ற மயாமி பராமரிப்பு நிறுவனம், காலாவதியான இந்தக் குப்பிகளைக் கழற்றியது. கழற்றினால் தட்டுமுனைமேல் பிளாஸ்டிக் மூடி போட வேண்டும் என்பது கையேட்டில் இருந்தது. பணிமனையில் மூடிகள் இல்லை. மூடி போட்டதாகப் பணி அட்டைகளில் கையெழுத்து மட்டும் விழுந்தது. நூற்றுக்கும் மேற்பட்ட குப்பிகள் ஐந்து அட்டைப்பெட்டிகளில் அடைக்கப்பட்டு, ‘காலி’ என்ற குறிப்போடு, வேல்யூஜெட்டின் சொந்தச் சரக்காக 592இல் ஏறின. அபாயகரமான சரக்கை ஏற்ற அந்த நிறுவனத்துக்கு அனுமதியே கிடையாது.

ஒரு பணிமனையின் அலட்சியமாக இதை முடித்துவிட முடியும். தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் அப்படி முடிக்கவில்லை. 1997இல் வெளியிட்ட அறிக்கையில் மூன்று தரப்பை அது காரணமாகக் காட்டியது. குப்பிகளைச் சரியாகத் தயார்செய்து அடையாளமிடாத சேபர்டெக் முதல் தரப்பு. ஒப்பந்தப் பராமரிப்பைச் சரிவர மேற்பார்க்காத வேல்யூஜெட் இரண்டாவது. அந்த வகைச் சரக்கு அறைகளில் புகை உணர்வியும் தீயணைப்புக் கருவியும் கட்டாயம் என்று ஆணையிடாத எஃப்.ஏ.ஏ. மூன்றாவது. வேல்யூஜெட்டின் கனரகப் பராமரிப்பை எஃப்.ஏ.ஏ. போதிய அளவு கண்காணிக்கவில்லை என்பதும் துணைக்காரணமாகப் பதிவானது.

மூன்றாவது குற்றச்சாட்டுக்கு ஒரு முன்கதை உண்டு. 1986இல் சிகாகோ விமான நிலையத்தில் நின்றிருந்த டி.சி.-10 ஒன்று இதே வகைக் குப்பியால் எரிந்து அழிந்தது. 1988 பிப்ரவரியில் நாஷ்வில்லை நெருங்கிக்கொண்டிருந்த அமெரிக்கன் ஏர்லைன்ஸ் விமானத்தின் சரக்கு அறையில், தவறாக ஏற்றப்பட்ட வேதிப்பொருளால் தீப்பிடித்தது. விமானம் பத்திரமாக இறங்கிவிட்டது. சரக்கு அறை காற்றுப் புகாமல் மூடியிருப்பதால் தீ தானே அணைந்துவிடும் என்ற வடிவமைப்புக் கருத்து அன்றே கேள்விக்குள்ளானது. ஆக்சிஜனைத் தானே உண்டாக்கும் பொருள் உள்ளே இருந்தால் அந்தத் தீ எப்படி அணையும்? புகை உணர்வியும் தீயணைப்பும் வேண்டும் என்று பாதுகாப்பு வாரியம் பரிந்துரைத்தது. செலவுக்கேற்ற பயன் இல்லை என்று எஃப்.ஏ.ஏ. ஏற்கவில்லை. 110 பேர் இறந்த பிறகு, 1998இல் அதே எஃப்.ஏ.ஏ. அந்த விதியைக் கொண்டுவந்தது; 2001 மார்ச்சுக்குள் எல்லா விமான நிறுவனங்களும் சரக்கு அறைகளை மாற்றியாக வேண்டும் என்றது.

செலவையும் பயனையும் ஒப்பிட்டே விதி செய்ய வேண்டும் என்ற நடைமுறை தவறானதல்ல. எல்லையில்லாச் செலவில் எந்தப் பாதுகாப்பையும் யாராலும் தர முடியாது. ஆனால் அந்தக் கணக்கில் செலவு இன்றே, உறுதியாக, பெயர் சொல்லத்தக்க நிறுவனங்களின் தலையில் விழுகிறது. பயனோ நடக்காமல்போகும் ஒரு விபத்து. அதில் பிழைத்தவர் யார் என்பது யாருக்கும் தெரியாது. இந்தக் கணக்கு இயல்பாகவே காத்திருப்பதன் பக்கம் சாய்கிறது.

592 விழுந்த சில நாட்களில் அமெரிக்கப் போக்குவரத்துத் துறைச் செயலர் ஃபெடரிக்கோ பேன்யா, தாமும் வேல்யூஜெட்டில் பறந்திருப்பதாகவும் அது பாதுகாப்பான நிறுவனம் என்றும் சொன்னார். அடுத்த ஒரு மாதம் எஃப்.ஏ.ஏ. நடத்திய தீவிர ஆய்வில் கடுமையான குறைகள் வெளிப்பட்டு, ஜூன் 17 அன்று நிறுவனம் பறப்பதை நிறுத்தியது. மார்ச்சில் இருந்த அதே விதிப்புத்தகந்தான் ஜூனிலும் இருந்தது. செப்டம்பர் இறுதியில், சுருங்கிய அளவில், அதே எஃப்.ஏ.ஏ. ஒப்புதலோடு வேல்யூஜெட் மீண்டும் பறக்கத் தொடங்கியது.

அமெரிக்க நாடாளுமன்றம் அந்த ஆண்டே ஒரு சட்டத் திருத்தம் செய்தது. 1958ஆம் ஆண்டுச் சட்டப்படி எஃப்.ஏ.ஏ.வுக்கு இரண்டு கடமைகள் இருந்தன: விமானப் பயணத்தைப் பாதுகாப்பானதாக்குவது, விமானத் தொழிலை வளர்ப்பது. தொழிலை வளர்க்கும் கடமையை அந்தத் திருத்தம் நீக்கியது. வளர்ப்பவரும் தடுப்பவரும் ஒருவராகவே இருக்கக் கூடாது என்ற பாடம் சட்டமாயிற்று. அலுவலகங்களின் மனப்போக்கு அத்தனை எளிதாக மாறவில்லை.

தெரிந்தும் பறந்த விமானங்கள்

2008 மார்ச்சில் எஃப்.ஏ.ஏ., சவுத்வெஸ்ட் நிறுவனத்துக்கு 1.02 கோடி டாலர் அபராதம் விதிக்கப்போவதாக அறிவித்தது. உடற்பகுதியில் உலோகக் களைப்பால் விரிசல் விழுந்திருக்கிறதா என்று பார்க்கும் கட்டாய ஆய்வைச் செய்யாமலே 46 போயிங் 737 விமானங்கள், 2006 ஜூன் முதல் 2007 மார்ச்வரை 59,791 முறை பறந்திருந்தன. இந்த வகை விரிசல் எத்தகையது என்பது 1988இல் ஹவாயில் தெரிந்தது. அலோஹா நிறுவனத்தின் 737 ஒன்றின் கூரைப்பகுதி நடுவானில் பிய்த்துக்கொண்டு போய், விமானப் பணிப்பெண் ஒருவர் இறந்தார்.

ஆய்வு விடுபட்டதைச் சவுத்வெஸ்ட்தான் கண்டுபிடித்தது, எஃப்.ஏ.ஏ.விடம் தானே சொல்லவும் செய்தது. சொன்ன பிறகும், ஆய்வு முடியும்வரை நிறுத்தவேண்டிய அந்த விமானங்கள் மேலும் 1,451 முறை பறந்தன. எஃப்.ஏ.ஏ. மேற்பார்வையாளர் தடுக்கவில்லை. அவருக்குக் கீழிருந்த ஆய்வாளர்கள் எழுப்பிய ஆட்சேபங்கள் அலுவலகத்துக்குள்ளேயே முடங்கின; நாடாளுமன்றக் குழுவின்முன் அவர்கள் சாட்சியம் சொன்ன பிறகே விவகாரம் முழு உருவம் பெற்றது. 2003இல் எஃப்.ஏ.ஏ. கொண்டுவந்த ஒரு திட்டம் விமான நிறுவனங்களை வாடிக்கையாளராகக் கருதச் சொன்னது. ஆய்வாளரின் முடிவு பிடிக்காவிட்டால் மேலதிகாரியிடம் முறையிடும் வழியையும் அவர்களுக்குத் திறந்துவிட்டது. கடுமையான ஆய்வாளர் என்றால் புகாருக்கு உள்ளாகும் ஆய்வாளர் என்றாயிற்று.

இங்கே ஒரு நேர்மையான எதிர்வாதத்தைக் கேட்க வேண்டும். காவல்துறை பாணியில் விரட்டிப் பிடிப்பதால் விமானப் பயணம் பாதுகாப்பாகவில்லை என்கிறார்கள் துறை அறிந்தவர்கள். விமானியும் பழுதுபார்ப்பவரும் தம் தவறைத் தாமே சொன்னால் தண்டனை இல்லை என்ற ஏற்பாடுதான் எந்த ஆய்வாளராலும் திரட்ட முடியாத தகவல்களை வெளியே கொண்டுவந்தது. 1976இல் தொடங்கிய ரகசிய அறிக்கை முறையை நடத்தும் பொறுப்பு நாசாவிடம் தரப்பட்டதும், சொல்பவருக்குப் பயம் இருக்கக் கூடாது என்பதற்காகவே. இதற்குப் பலனும் உண்டு. 2009 பிப்ரவரியில் பஃபலோ அருகே கோல்கன் நிறுவன விமானம் விழுந்த பிறகு, 2025 ஜனவரியில் வாஷிங்டனில் ராணுவ ஹெலிகாப்டரோடு பயணி விமானம் மோதும்வரை, ஏறத்தாழ 16 ஆண்டுகள் அமெரிக்கப் பயணி விமான நிறுவனங்களில் பெருவிபத்து ஏதும் நேரவில்லை.

இந்த வாதத்தை ஏற்றே ஆக வேண்டும். ஆனால் அது எதை நிரூபிக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். தானே சொல்லும் ஏற்பாடு தகவலைத் தருகிறது. அந்தத் தகவலை வைத்து யார் முடிவெடுப்பது என்ற கேள்விக்கு அதில் பதில் இல்லை. சவுத்வெஸ்ட் விவகாரத்தில் தகவல் குறைவு எங்கும் இல்லை. நிறுவனத்துக்குத் தெரியும், மேற்பார்வையாளருக்குத் தெரியும், ஆய்வாளருக்குத் தெரியும்.

போயிங் 737 மேக்ஸில் இதே நிலை இன்னும் கொடிய வடிவம் எடுத்தது. 2018 அக்டோபரில் இந்தோனேசியாவில் லயன் ஏர் விமானம் விழுந்து 189 பேர் இறந்தபின், எஃப்.ஏ.ஏ. உள்ளுக்குள் ஓர் ஆபத்துக் கணக்குப் போட்டது. விபத்தில் பங்குவகித்த கட்டுப்பாட்டு மென்பொருளைத் திருத்தாவிட்டால் அந்த ரக விமானங்களின் ஆயுட்காலத்தில் சுமார் 15 பெருவிபத்துகள் நேரலாம் என்று அது காட்டியது. திருத்தம் தயாராகும்வரை விமானங்களைப் பறக்கவிட்டார்கள். 2019 மார்ச் 10 அன்று எத்தியோப்பியாவில் மேலும் 157 பேர் இறந்தார்கள். சீனா மறுநாளே நிறுத்தியது, எஃப்.ஏ.ஏ. மூன்றாம் நாள்தான் நிறுத்தியது. உலகெங்கும் பறந்துகொண்டிருந்த, அமெரிக்காவின் முதன்மை ஏற்றுமதிப் பொருள்களில் ஒன்றான ஒரு விமான ரகத்தை நிறுத்துவது, வேல்யூஜெட்டின் ஐம்பது விமானங்களை நிறுத்துவதைப்போல் அல்ல.

இந்தியா: கடன் வாங்கிய ஆய்வாளர்கள்

இந்தியாவில் இந்தப் பொறுப்பு டி.ஜி.சி.ஏ. எனப்படும் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்ககத்திடம் இருக்கிறது. அதன் நிலைமை வெளியிலிருந்து வந்த ஒரு தீர்ப்பால்தான் நாட்டுக்கு உறைத்தது. 2012 இறுதியில் சர்வதேச விமானப் போக்குவரத்து அமைப்பு நடத்திய தணிக்கை கடுமையான குறைகளைச் சுட்டியது. அதைத் தொடர்ந்து எஃப்.ஏ.ஏ. 2014 ஜனவரி 31 அன்று தன் பாதுகாப்பு மதிப்பீட்டில் இந்தியாவை இரண்டாம் பிரிவுக்கு இறக்கியது. இந்திய நிறுவனங்கள் அமெரிக்காவுக்குப் புதிய சேவை தொடங்க முடியாது என்பது அதன் பொருள். விமானங்களின் இயக்கத்தை மேற்பார்க்கும் முழுநேர ஆய்வாளர்கள் போதிய அளவில் இல்லை என்பது முக்கியக் குறை. விமான நிறுவனங்களிலிருந்தே விமானிகளைக் கடனாகப் பெற்று ஆய்வாளராக அமர்த்தும் வழக்கம் அன்று பரவலாக இருந்தது. தான் சோதிக்கப்போகும் நிறுவனத்துக்கே நாளை திரும்பிப் போகவேண்டியவர் எவ்வளவு கடுமையாக எழுதுவார்?

அரசு அவசரமாகப் பணியிடங்களை உருவாக்கியது, பயிற்சி தந்தது. 2015 ஏப்ரலில் முதல் பிரிவு திரும்பக் கிடைத்தது. உள்நாட்டுப் பயணிகள் அதே கண்காணிப்பின்கீழ்தான் பல ஆண்டுகளாகப் பறந்துகொண்டிருந்தார்கள். அப்போது வராத வேகம் அமெரிக்கச் சந்தையின் கதவு மூடியதும் வந்தது. அந்த வேகமும் நிலைக்கவில்லை. டி.ஜி.சி.ஏ.வில் அனுமதிக்கப்பட்ட பணியிடங்களில் ஏறத்தாழ பாதி காலியாக இருப்பதை 2025 ஆகஸ்டில் நாடாளுமன்ற நிலைக்குழு கவலையோடு பதிவுசெய்தது. பத்து ஆண்டுகளில் நாட்டின் விமான நிறுவனங்கள் வெகுவாகப் பெருத்திருக்க, மேற்பார்க்கும் நாற்காலிகளில் பாதி வெறுமையாகக் கிடந்தன.

டி.ஜி.சி.ஏ. நிறுத்தவே தெரியாத அமைப்பு என்று சொன்னால் அது உண்மையாகாது. 2018 மார்ச்சில், குறிப்பிட்ட வகை பிராட் அண்ட் விட்னி இயந்திரம் பொருத்திய 11 ஏ320 நியோ விமானங்களை ஒரே நாளில் தரையிறக்கியது. அவற்றில் எட்டு இண்டிகோவுடையவை. 2022 ஜூலையில், தொடர்ந்து தொழில்நுட்பக் கோளாறுகள் நேர்ந்த ஸ்பைஸ்ஜெட் நிறுவனத்தை, ஒப்புதல் பெற்ற சேவைகளில் பாதியை மட்டுமே இயக்கும்படி எட்டு வாரங்களுக்குக் கட்டுப்படுத்தியது. முழுக்க மூடாமலும் கண்டும் காணாமல் விடாமலும் எடுத்த அளவான நடவடிக்கை அது. ஆக, கருவி இருக்கிறது, பயன்படுத்தவும் தெரிகிறது. பதினொரு விமானங்களுக்கும் சிறிய ஒரு நிறுவனத்துக்கும் எதிராக முடிந்தது, பின்னர் ஏன் முடியாமல்போனது?

விமானியின் உறக்கமும் குளிர்கால அட்டவணையும்

2010 மே 22 அதிகாலை, துபாயிலிருந்து வந்த ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம் மங்களூர் மேட்டு ஓடுபாதையைத் தாண்டிப் பள்ளத்தில் விழுந்து 158 பேர் இறந்தார்கள். விமானத்தின் தலைமை விமானி பயணத்தில் ஒன்றரை மணி நேரத்துக்கும் மேல் தூங்கியிருந்ததையும், விழித்தபின் நீடிக்கும் மந்தம் அவருடைய தீர்மானத்தைப் பாதித்திருக்கலாம் என்பதையும் விசாரணை நீதிமன்றம் பதிவுசெய்தது. இரவுப் பணியும் களைப்பும் ஏட்டளவிலான கவலை அல்ல என்பதற்கு இந்தியாவுக்கு இதைவிட வேறு சான்று தேவையில்லை.

விமானிகளின் பணிநேரத்துக்கும் ஓய்வுக்கும் புதிய விதிகளை டி.ஜி.சி.ஏ. 2024 ஜனவரி 8 அன்று வெளியிட்டது. வாராந்திர ஓய்வு 36 மணியிலிருந்து 48 மணி ஆயிற்று. இரவுத் தரையிறக்கங்களுக்கான வரம்பு ஆறிலிருந்து இரண்டாகக் குறைந்தது. அந்த ஆண்டு ஜூன் 1 அன்று நடைமுறைக்கு வரவேண்டியதை, நிறுவனங்களின் எதிர்ப்பால் தள்ளிவைத்தார்கள். விமானிகள் சங்கங்கள் டெல்லி உயர்நீதிமன்றத்தில் தொடர்ந்த வழக்கின் பின்னணியில், 2025 ஜூலையிலும் நவம்பரிலும் இரண்டு கட்டங்களாக விதிகள் அமலாயின. விதி வெளியாகி முழுமையாக நடப்புக்கு வர ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் ஆயின. யாருக்கும் திடீரென்று வந்த செய்தி அல்ல அது.

டிசம்பர் முதல் வாரத்தில், உள்நாட்டுப் பயணிகளில் அறுபது விழுக்காட்டுக்கும் மேல் ஏற்றிச்செல்லும் இண்டிகோவின் அட்டவணை சரிந்தது. புதிய விதிப்படி போதிய விமானிகள் இல்லை. டிசம்பர் 5 அன்று மட்டும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சேவைகள் ரத்தாயின. சென்னை உட்பட நாட்டின் விமான நிலையங்களில் பெட்டிகளோடு மக்கள் முடங்கிக் கிடக்க, அன்றே டி.ஜி.சி.ஏ. அந்த நிறுவனத்துக்கு மட்டும் இரவுப்பணி விதிகளிலிருந்து 2026 பிப்ரவரி 10 வரை விலக்கு அளித்தது. பிறகு அட்டவணையில் பத்து விழுக்காட்டைக் குறைக்கும் உத்தரவு, இயக்க ஆய்வாளர்கள் நால்வரின் நீக்கம், ஜனவரியில் 22.2 கோடி ரூபாய் அபராதம் என நடவடிக்கைகள் வந்தன.

அந்த விலக்கைக் கோழைத்தனம் என்று திட்டுவது எளிது. டிசம்பர் 5 அன்று அந்த நாற்காலியில் யார் இருந்திருந்தாலும் வேறென்ன செய்திருக்க முடியும் என்று கேட்டுப் பார்க்க வேண்டும். நாட்டின் விமானப் பயணத்தில் பாதிக்கு மேல் ஒரே கையில் இருக்கும்போது, அந்தக் கையை நிறுத்துவது பயணத்தையே நிறுத்துவதாகிவிடும். பாதுகாப்பு விதியை வளைப்பதா, லட்சக்கணக்கானோரை நடுவழியில் விடுவதா என்ற இரண்டு மோசமான வழிகளே அன்று மிஞ்சியிருந்தன.

ஆனால் அந்த நிலைக்கு வந்துசேர்ந்த வழியில் ஒரு மேசை இருக்கிறது. இந்திய விமான நிறுவனங்கள் ஒவ்வொரு பருவத்துக்கும் தங்கள் அட்டவணைக்கு டி.ஜி.சி.ஏ.விடம் ஒப்புதல் பெற வேண்டும். 2025 அக்டோபர் இறுதியில் தொடங்கிய குளிர்கால அட்டவணையில், கோடைக்கால அளவைவிட ஏறத்தாழ ஆறு விழுக்காடு கூடுதல் சேவைகளுக்கு இண்டிகோ ஒப்புதல் பெற்றிருந்தது. சில நாட்களில் அமலாகப்போகும் விதி ஒரே அளவு பறப்புக்குக் கூடுதல் விமானிகளைக் கேட்கிறது. அதே அமைப்பு அதே நேரத்தில் கூடுதல் பறப்புக்கும் கையெழுத்திடுகிறது. விமானிகள் எத்தனை பேர், புதிய விதிப்படி தேவை எத்தனை என்று ஒரு கணக்கைக் கேட்டிருந்தால் அந்த மேசையிலேயே விடை தெரிந்திருக்கும். அக்டோபரில் மறுத்திருந்தால் சில சேவைகள் தொடங்காமல் போயிருக்கும். பயணச்சீட்டு வாங்கிய எவரும் தெருவில் நின்றிருக்க மாட்டார்கள். விதியை வளைக்கவும் வேண்டியிருந்திருக்காது.

எங்கே மறுப்பது

வேல்யூஜெட்டுக்கு 1996 பிப்ரவரியில் போட்ட முன்அனுமதிக் கட்டுப்பாடு, பத்து விமானங்கள் இருந்தபோது வந்திருந்தால் எளிதாக இருந்திருக்கும். இந்தியாவின் குளிர்கால அட்டவணைக்கும் அதே கணக்குப் பொருந்தும். அரசுகள் கண்காணிப்பைச் சோதனைகளின் எண்ணிக்கையால் அளக்கின்றன: ஆண்டுக்கு எத்தனை ஆய்வு, எத்தனை குறை, எத்தனை நோட்டீஸ். பெருத்துவிட்ட நிறுவனத்திடம் குறை கண்டுபிடித்தும் செய்ய முடிவது குறைவு என்பதை இந்த எண்ணிக்கை மறைத்துவிடுகிறது.

இதிலிருந்து சில முடிவுகள் தொடர்கின்றன. முதலாவது, ஒப்புதலைத் திறனோடு கட்ட வேண்டும். ஒரு விமான நிறுவனம் கூடுதல் விமானமோ சேவையோ கேட்கும்போது, அதற்குரிய விமானிகளும் பொறியாளர்களும் இருக்கிறார்களா என்பதோடு, அந்தக் கூடுதலை மேற்பார்க்க ஒழுங்காற்று அமைப்பிடம் ஆள் இருக்கிறதா என்பதும் நிபந்தனையாக வேண்டும். பாதிப் பணியிடங்கள் காலியாக இருக்கும் அமைப்பு, தன்னால் மேற்பார்க்க முடியாத வளர்ச்சிக்கு ஒப்புதல் தருவது தன் கடமையையே மறுப்பதாகும். இந்த நிபந்தனைக்கு இன்னொரு நன்மையும் உண்டு: ஆய்வாளர் நியமனம் தாமதமானால் நிறுவனங்களே அரசை நெருக்கும்.

இரண்டாவது, அந்தக் கணக்கு பொதுவெளியில் இருக்க வேண்டும். எத்தனை விமானிகள், எத்தனை விமானங்கள், எந்த அடிப்படையில் ஒப்புதல் என்பது வெளியிடப்பட்டால், நாளை ஏதேனும் நடக்கும்போது கீழ்நிலை ஆய்வாளர்கள்மீது பழியைப் போட்டுவிட்டு ஒப்புதலில் கையெழுத்திட்டவர்கள் விலகிவிட முடியாது. 1996இல் மேலே போகாத உள்குறிப்பும் 2007இல் முடங்கிய ஆட்சேபமும் இருளில்தான் செத்தன.

மூன்றாவது, விபத்தை விசாரிப்பவரும் ஒழுங்காற்றுபவரும் ஒரே கூரையின்கீழ் இருக்கக் கூடாது. அமெரிக்கப் பாதுகாப்பு வாரியம் 1975 முதல் போக்குவரத்துத் துறையிலிருந்து முற்றிலும் விலகி நிற்பதால்தான் 592 விபத்துக்கு எஃப்.ஏ.ஏ.வையே ஒரு காரணமாக எழுத முடிந்தது. இந்தியாவில் விமான விபத்து விசாரணைப் பிரிவும் டி.ஜி.சி.ஏ.வும் ஒரே அமைச்சகத்தின்கீழ் இருக்கின்றன. அதே அமைச்சகம்தான் விமான நிலையங்களைத் திறக்கவும் பயணிகள் எண்ணிக்கையைப் பெருக்கவும் இலக்கு வைத்துச் செயல்படுகிறது. டி.ஜி.சி.ஏ.வை நீக்கிவிட்டுத் தன்னாட்சியுள்ள ஆணையம் அமைக்க 2013இல் நாடாளுமன்றத்தில் ஒரு மசோதா வந்தது. அந்த மக்களவையோடு காலாவதியாயிற்று. 2020இல் டி.ஜி.சி.ஏ. சட்டப்பூர்வ அமைப்பாக ஆக்கப்பட்டாலும், 2025 தொடக்கத்தில் புதிய விமானச் சட்டம் நடைமுறைக்கு வந்தாலும், அமைச்சகத்தின் பிடி தளரவில்லை.

இவற்றுக்கு விலை இருக்கிறது. கட்டணம் கொஞ்சம் ஏறலாம். சிறு நகரங்களுக்குச் சேவை தாமதமாகலாம். ‘வளர்ச்சிக்கு முட்டுக்கட்டை’ என்ற தலைப்பு செய்தித்தாள்களில் வரலாம். மறுத்த அதிகாரியால் தன் முடிவை நிரூபிக்கவும் முடியாது, ஏனெனில் அவர் தடுத்த விபத்து நடக்கவில்லை. அதனால்தான் அந்த மறுப்பைத் தனிமனிதரின் துணிச்சலுக்கு விட்டுவிடாமல் விதியாக எழுதிவைக்க வேண்டியிருக்கிறது: இத்தனை விமானிக்கு இத்தனை சேவை, இத்தனை ஆய்வாளருக்கு இத்தனை விமானம், அதற்குமேல் ஒப்புதல் இல்லை. வரும் பருவத்துக்கான அட்டவணை விண்ணப்பங்கள் வரும்போது டி.ஜி.சி.ஏ. இந்தக் கணக்கை வெளியிடுகிறதா என்று பார்த்தாலே, டிசம்பர் நெருக்கடியிலிருந்து அது என்ன கற்றது என்பது தெரிந்துவிடும்.